பாலத்தடியில் விட்டு வந்த அம்மம்மா
140 ஆண்டுகளின் பின் அதே வழியால் நடந்த ஒரு டகோட்டாக் குடும்பத்தின் கதை

2002ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆம் திகதி. ஐக்கிய அமெரிக்காவின் வட பகுதியிலுள்ள மினசோட்டா மாநிலத்தில் குளிர் தொடங்கிவிட்ட நேரம். மினசோட்டா ஆற்றை அண்டிய வீதி வழியே ஆண்களும் பெண்களும் வயோதிபரும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் நடந்து கொண்டிருந்தது. கோஷம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மைல் முடிவிலும் கூட்டம் நின்றது. சிவப்புத் துணி கட்டிய ஒரு மரக்கட்டை வீதியோரம் நிலத்தில் நாட்டப்பட்டது. அதில் எழுதியிருந்த இரண்டு பெயர்கள் உரத்து வாசிக்கப்பட்டன. நடந்து வந்தவர்கள் தங்கள் வழக்கப்படி ஒரு பிடி புகையிலையை அவ்விடத்தில் தூவிப் பிரார்த்தித்தார்கள். பின்னர் அடுத்த மைலை நோக்கி நடந்தார்கள்.

இப்படியே ஏழு நாட்கள், ஏறக்குறைய 150 மைல் தூரம், அதாவது 240 கிலோமீற்றர். அவர்கள் டகோட்டா என்னும் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர்கள். வாசிக்கப்பட்ட பெயர்கள் 1862ஆம் ஆண்டில் அதே நாட்களில் இராணுவத்தினரால் நடத்திச் செல்லப்பட்ட குடும்பங்களின் பெயர்கள்.

அந்த நடையை ஒழுங்கு செய்தவர்களுள் ஒருவர் வசியாத்தா-வின் என்ற பெண். வரலாற்றுத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். டகோட்டா மொழியில் பெண்களின் பெயர்களுக்கு ஈற்றில் வரும் 'வின்' என்ற சொல்லுக்குப் பெண் என்பது பொருள். வசியாத்தா-வின் என்றால் வடக்கின் பெண். அவருடைய தந்தை கிறிஸ் மாட்டோ நூன்பாவும் ஒரு பேராசிரியர். அவரும் இந்த நடைக்காக உழைத்தவர். ஆனால் இந்தக் குடும்பத்தை அவ்வீதிக்குக் கொண்டுவந்தது பல்கலைக்கழகப் படிப்பு மட்டுமல்ல. வசியாத்தா-வின் சிறுமியாக இருந்த காலத்தில் அவருடைய அப்பம்மா சொல்லி வந்த ஒரு கதைதான் அவர்களை அங்கே அழைத்து வந்தது.

கடன் கொப்பியும் பசியும்

அந்தக் கதையை விளங்கிக் கொள்வதற்கு, அதற்கு முந்திய சில ஆண்டுகளைச் சுருக்கமாகவேனும் அறிந்திருக்க வேண்டும்.

மினசோட்டா என்ற பெயரே டகோட்டாச் சொல்தான். அந்த ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் இடையில் அம்மக்கள் வேட்டையாடியும், சோளம் பயிரிட்டும், காட்டரிசி சேர்த்தும் வாழ்ந்து வந்தனர். 1851ஆம் ஆண்டில் செய்யப்பட்ட இரண்டு உடன்படிக்கைகளின் மூலம் ஏறக்குறைய 2 கோடி 40 இலட்சம் ஏக்கர் நிலம் அவர்களுடைய கையை விட்டுப் போனது. அவர்களுக்கு மிஞ்சியது ஆற்றின் இரு மருங்கும் பத்துப் பத்து மைல் அகலமுள்ள ஒரு நீண்ட துண்டு மட்டுமே. 1858இல் ஆற்றின் வடகரையிலிருந்த பாதியும் போய்விட்டது.

நிலத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் பணமும் உணவுப் பொருட்களும் தருவதாக அரசாங்கம் ஒப்புக் கொண்டிருந்தது. அந்தப் பணத்தின் பெரும் பகுதி வியாபாரிகளின் கடன் கொப்பிக் கணக்கிலேயே கரைந்தது. 1861இல் விளைச்சல் பொய்த்தது. 1862இன் கோடை காலத்தில் வரவேண்டிய பணமும் பிந்தியது. அமெரிக்காவில் அப்போது உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்தது. களஞ்சியத்தில் உணவு இருந்தது. ஆனால் பணம் வரும்வரை பங்கிட முடியாது என்றார்கள். கடைக்காரர்களும் கடன் கொடுக்க மறுத்தார்கள். பசித்தால் புல்லைத் தின்னட்டும் என்று வியாபாரி ஒருவர் சொன்னதாக இன்றுவரை பேசப்படுகின்றது.

1862 ஆகஸ்ட் 17ஆம் திகதி வேட்டைக்குச் சென்ற நான்கு டகோட்டா இளைஞர்கள் ஐந்து வெள்ளையக் குடியேறிகளைக் கொன்றனர். மறுநாள் போர் வெடித்தது. ஆறு வாரங்கள் வரை நீடித்த அப்போரில் 600க்கும் மேற்பட்ட வெள்ளையர் இறந்தனர் எனக் கணிக்கப்படுகின்றது. அவர்களுள் பெரும்பாலானோர் ஆயுதம் தரிக்காத குடிமக்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். இதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

டகோட்டா மக்கள் எல்லோரும் இந்தப் போரை விரும்பவில்லை. போரை எதிர்த்தவர்கள் பலர். பிடித்து வைக்கப்பட்டிருந்த குடியேறிகளைப் பாதுகாத்து, செப்டம்பர் 26இல் 269 பேரை இராணுவத்திடம் ஒப்படைத்தவர்களும் டகோட்டா மக்களே.

போரின் கடைசிச் சமர் செப்டம்பர் 23ஆம் திகதி வூட் லேக் என்னுமிடத்தில் நடந்தது. மாஸோமானி என்ற தலைவர் அச்சமரில் காயமடைந்து இறந்தார். அவர் சமாதானம் பேச வெள்ளைக் கொடியுடன் சென்றவேளையில்தான் சுடப்பட்டார் என்று அவருடைய சந்ததியினர் சொல்கின்றனர். அவர் விட்டுச் சென்ற மகள்களுள் ஒருத்திக்கு அப்போது பத்து வயது. பெயர் மாஸா ஒக்கியே-வின். இரும்புடன் பேசும் பெண் என்பது அதன் பொருள்.

வசியாத்தா-வின்னுடைய அப்பம்மாவை வளர்த்தெடுத்தவர் இந்தச் சிறுமிதான். குடும்பம் தேடிப் போனதும் அவளுடைய காலடியைத்தான்.

நவம்பர் 7 முதல் 13 வரை

போர் முடிந்ததும் ஆண்களைப் பிரித்தெடுத்தார்கள். 392 பேர் இராணுவ மன்றின் முன் நிறுத்தப்பட்டனர். சில வழக்குகள் ஒரு சில நிமிடங்களிலேயே முடிந்துவிட்டன. 303 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் பத்திரங்களைப் பார்வையிட்டுப் பெரும்பாலானோரின் தண்டனையை நிறுத்தினார். எனினும் 1862 டிசம்பர் 26ஆம் திகதி மங்கேட்டோ என்ற ஊரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். ஒரே நாளில் அத்தனை பேரைத் தூக்கிலிட்ட சம்பவம் அமெரிக்க வரலாற்றில் வேறொன்றில்லை.

அமெரிக்கப் பாடப் புத்தகங்களில் இச்சம்பவத்துக்கு ஓரளவு இடம் உண்டு. ஆனால் எந்தக் குற்றமும் சுமத்தப்படாத பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வயோதிபருக்கும் என்ன நடந்தது என்பது நெடுங்காலம் பேசப்படவில்லை.

ஏறக்குறைய 1,700 பேர். நவம்பர் 7ஆம் திகதி அவர்கள் இராணுவக் காவலுடன் ஸ்னெல்லிங் கோட்டையை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். வண்டிகளும் மனிதருமாக அந்த வரிசை நான்கு மைல் நீளத்துக்கு இருந்தது. வழியிலுள்ள ஊர்களில் வெள்ளையர் கூட்டமாகத் திரண்டு நின்றனர். அவர்களுள் பலர் அந்தப் போரில் தம் உறவுகளை இழந்தவர்கள். வீடு எரிந்து அகதியானவர்கள். தம் துயரத்துக்கு ஈடாக அவர்களுடைய கைக்கு எட்டியது நிராயுதபாணிகளான இப்பெண்களும் பிள்ளைகளும்தான். கல்லும் தடியும் வீசப்பட்டன. கொதிநீர் ஊற்றப்பட்டது. ஹெண்டர்சன் என்ற ஊரில் ஒரு வெள்ளையப் பெண் வண்டியில் பாய்ந்து, தாயின் மார்பில் பால் குடித்துக் கொண்டிருந்த குழந்தையைப் பறித்து நிலத்தில் அறைந்தாள். சில மணித்தியாலங்களில் குழந்தை இறந்தது. அந்த வரிசையோடு சென்ற ஒருவர் இதைத் தமது நினைவுக் குறிப்பில் பதிந்து வைத்துள்ளார்.

ஆனால் அந்த வழியில் நடந்த எல்லாமே எவரும் எழுதி வைத்தவை அல்ல. சில சம்பவங்கள் அம்மம்மாவிடமிருந்து பேத்திக்கு வாய்வழியாக மட்டுமே வந்து சேர்ந்தன.

பாலத்தில் நடந்தது

மாஸா ஒக்கியே-வின் தன் தாயோடும் அம்மம்மாவோடும் அந்த வரிசையில் சென்றாள். நடக்க இயலாத வயோதிபரும் சிறு பிள்ளைகளும் வண்டிகளில் ஏற்றப்பட்டிருந்தனர். கிறீச்சிட்டு ஆடி ஓடும் அந்த வண்டிக்குத் தங்கள் மொழியில் 'கிறுக்கு வண்டி' என்று பெயர் வைத்திருந்தார்களாம். அத்தனை துயரத்துக்குள்ளும் அந்தப் பெயர் மறக்கப்படாமல் கதையோடு கதையாக வந்திருக்கின்றது.

ஒரு பாலத்தருகே வந்தபோது இராணுவத்தினன் ஒருவன் அம்மம்மாவைத் தன் வாளால் வயிற்றில் குத்தினான். அவர் அலறிக்கொண்டு விழுந்தார். மகள் ஓடிப் போய்க் குனிந்து அவரைத் தூக்க முயன்றாள். கிழவி விடவில்லை. என்னைப் பார்க்காதே, போ. என் கதை முடிந்துவிட்டது. உன்னையும் கொன்றுவிட்டால் பிள்ளைக்கு ஆர் இருக்கிறார்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்ற கருத்தில் மன்றாடினார். பத்து வயதுப் பேத்தி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்தாள்.

மகள் எழுந்தாள். பெற்ற தாயை அங்கேயே விட்டுவிட்டுப் பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டு நடந்தாள்.

அம்மம்மாவின் உடல் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கவே இல்லை. எங்கே போட்டார்கள், புதைத்தார்களா, ஆற்றில் எறிந்தார்களா என்பது தெரியாது. உடலைத் தந்திருந்தாலாவது முறைப்படி அடக்கம் செய்திருப்போமே என்று மாஸா ஒக்கியே-வின் முதுமையிலும் சொல்லிக் கொண்டிருந்தாராம். பத்து வயதில் தொடங்கிய அந்தத் தவிப்பு அவரை விட்டுப் போகவில்லை.

பிறந்த இடமே சிறையானது

நவம்பர் 13ஆம் திகதி வரிசை ஸ்னெல்லிங் கோட்டையை அடைந்தது. கோட்டைக்குக் கீழே, ஆற்றோரத் தாழ்நிலத்தில் மரவேலி அடைத்து, கூடாரங்களில் அவர்களை வைத்தார்கள். மிசிசிப்பி ஆறும் மினசோட்டா ஆறும் கலக்கும் இடம் அது. டகோட்டா மக்கள் அச்சங்கமத்தை 'ப்டோட்டே' என்பார்கள். தம் இனம் இந்த உலகில் தோன்றிய இடம் அதுவே என்பது அவர்களுள் பலரின் நம்பிக்கை. தங்கள் இனம் பிறந்த மண்ணிலேயே அவர்கள் வேலிக்குள் அடைபட்டனர்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மை முதலான நோய்களால் 130க்கும் 300க்கும் இடைப்பட்ட தொகையினர் இறந்ததாகக் கணிக்கின்றனர். 1863ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் டகோட்டா மக்களுடன் செய்த உடன்படிக்கைகளைச் செல்லாதவையாக்கி, அவர்களை மினசோட்டாவிலிருந்து வெளியேற்றச் சட்டம் இயற்றியது. மே மாதத்தில் ஏறக்குறைய 1,300 பேர் நீராவிக் கப்பல்களில் நெரிசலாக ஏற்றப்பட்டு, மிசூரி ஆற்றங்கரையிலுள்ள குரோ கிறீக் என்ற வரண்ட இடத்தில் இறக்கப்பட்டனர். ஆண்களுள் பெரும்பாலானோர் அயோவா மாநிலத்தில் சிறையில் இருந்தபடியால் அங்கு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளுமே. குதிரைச் சாணத்தில் செமிக்காமல் கிடந்த தானியத்தைப் பொறுக்கிக் கழுவி, பெண்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த கதை அங்கேதான் நடந்தது. நூற்றுக்கணக்கானோர் அங்கு இறந்தனர். 1866இல்தான் எஞ்சியோர் நெப்ராஸ்கா பகுதிக்கு மாற்றப்பட்டனர். மினசோட்டாவிலோ டகோட்டா மனிதனைக் கொன்று தலைத்தோலைக் கொண்டு வருபவருக்கு அரசே சன்மானம் அறிவித்திருந்தது.

அப்படியிருந்தும் சில குடும்பங்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. யெலோ மெடிசின் ஆற்றுப் பக்கம் பெஜிஹுட்டாசிசி என்று அவர்கள் அழைக்கும் இடத்தில் மீண்டும் குடியேறின. மாஸா ஒக்கியே-வின்னும் அங்கே வாழ்ந்தார். 1906இல் பிறந்த பேத்தி எல்சியை வளர்த்து ஆளாக்கினார். தன் மகளின் பிள்ளைக்கு அவர் கொடுத்த முதுசம் அந்தக் கதை.

வெளிச்சம் காணாத சாட்சி

எல்சி கவெண்டர் அக்கதையை மறக்கவில்லை. அம்மம்மா சொன்ன வரிசை குலையாமல், சொன்ன பெயர்கள் மாறாமல் தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். அவர்களுள் ஒருத்தி வசியாத்தா-வின். மாலை வேளைகளில் அப்பம்மாவுக்கு அருகில் இருந்து கேட்ட கதை, பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கைத் தொழிலாகவே ஆகிவிட்டது. அப்பம்மாவின் குரலை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1996இல் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2000இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அக்காலத்து வரலாற்று ஆய்வாளர் பலர் கேட்டது ஒரே கேள்வி: இதற்குப் பத்திரம் எங்கே? இராணுவ அதிகாரி எழுதிய கடிதம் சான்று. பத்திரிகையில் வந்த செய்தி சான்று. ஒரு கிழவி பேத்திக்குச் சொன்னது வெறும் கதை. இதுதான் அவர்களுடைய அளவுகோல்.

வசியாத்தா-வின் அந்த அளவுகோலைக் கேள்விக்குள்ளாக்கினார். குத்தியவன் தன் குற்றத்தை எழுதி வைப்பானா? எழுதும் அதிகாரம் யாருடைய கையில் இருந்தது? வாய்மொழி மரபில் ஒரு கதையைச் சொல்பவர் யாரிடம் கேட்டேன், அவர் யாரிடம் கேட்டார், அவர் எங்கே நின்று பார்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அதைப் பிழையின்றிக் காக்கும் பொறுப்பு உண்டு. அப்படியிருக்க அது ஏன் வரலாறு ஆகாது? இதுவே அவருடைய வாதம்.

அவர் தன் குடும்பக் கதையோடு நின்றுவிடவும் இல்லை. 1862இல் கனடாவுக்குத் தப்பியோடியவர்களின் வழிவந்த எலை டெய்லர் என்ற முதியவர் டகோட்டா மொழியிலேயே சொன்ன நினைவுகளைப் பதிவு செய்து, அம்மொழியிலும் ஆங்கிலத்திலுமாக 2005இல் நூலாக்கினார். விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகள் தாய்மொழி பேசினால் தண்டிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு அம்மொழியிலேயே அச்சில் வரலாறு கிடைப்பது சிறிய விடயமல்ல.

மீண்டும் அதே வழியில்

2002இல் அந்தத் துயரச் சம்பவத்துக்கு 140 ஆண்டுகள் நிறைந்தன. நினைவுக் கூட்டம் ஒன்றை வைத்து, பேச்சுகளோடு முடித்திருக்கலாம். ஆனால் நடந்து பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். மினசோட்டாவிலிருந்தும் அயல் மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் டகோட்டாக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. வெள்ளையர் சிலரும் உடன் நடந்தனர்.

காலில் சப்பாத்தும் உடம்பில் கம்பளி உடையும் இரவில் தங்க இடமும் இருந்தும், ஒரு நாளைக்கு இருபது மைல் அளவில் நடப்பது எவ்வளவு கடினம் என்பதை நடந்தவர்கள் உணர்ந்தார்கள். அப்படியானால் பால்குடிப் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு, பக்கத்தில் துவக்கோடு இராணுவத்தினன் வர, கணவன் உயிரோடு இருக்கின்றானா இல்லையா என்றே தெரியாமல் நடந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? புத்தகத்தில் 1,700 பேர் என்று வாசிப்பது ஒன்று. மைலுக்கு மைல் நின்று ஒவ்வொரு பெயராக வாய்விட்டுச் சொல்வது வேறொன்று. தன் பூட்டனின் பெயர், தன் கொள்ளுப் பாட்டியின் குடும்பப் பெயர் எந்தக் கட்டையில் வரும் என்று காத்திருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர்.

வசியாத்தா-வின்னுடைய குடும்பம் நடந்ததோ அம்மம்மா குத்தப்பட்ட வழியால். கோட்டைக்கு வந்து சேர்ந்தபின் எழுதப்பட்ட பட்டியல்கள் வந்து சேர்ந்தவர்களைப் பற்றித்தான் சொல்லும். வழியில் விழுந்தவரை அவற்றில் தேடிப் பயனில்லை. அவருக்குப் பட்டியலும் இல்லை, கல்லறையும் இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் அந்தக் கதையும், அதைச் சுமந்து நடந்த பிள்ளைகளும்தான்.

இந்த நடை ஒரு தடவையோடு முடியவில்லை. 2004, 2006, 2008, 2010 என்று இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை நடந்து, 150 ஆண்டுகள் நிறைவெய்திய 2012 வரை தொடர்ந்தது. முதல் நடைகளில் பங்குபற்றியவர்களின் எழுத்துகளைத் தொகுத்து, முன்னோரின் அடிச்சுவட்டில் என்ற பொருள்படும் தலைப்பில் வசியாத்தா-வின் 2006இல் ஒரு நூல் வெளியிட்டார்.

நடையைப் பற்றி எல்லோருக்கும் ஒரே கருத்து இருக்கவில்லை. பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தனர். நினைவுகூர்ந்தால் போதுமா, எடுத்த நிலத்துக்கு என்ன பதில் என்று கேட்டவர்களும் இருந்தனர். வசியாத்தா-வின் இரண்டாவது பக்கத்தைச் சேர்ந்தவர். 2008இல் அவர் வெளியிட்ட இன்னொரு நூல் நீதி என்பது எப்படி இருக்கும் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. உண்மையைச் சொல்வது முதற்படி மட்டுமே, நிலம் திரும்பக் கிடைப்பதும் நீதியின் பகுதி என்று அவர் அதில் வாதிட்டார்.

பின்னர் நடந்தவை

நினைவைக் காத்து வந்த பல குடும்பங்கள், பல அமைப்புகள், பல ஆண்டுகளின் முயற்சியால் சில மாற்றங்கள் வந்துள்ளன. 1862இல் டகோட்டா மக்களை அழித்தொழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் என்று அப்போதைய ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சி முழங்கியிருந்தார். 150 ஆண்டுகளின் பின், 2012இல், ஆளுநர் மார்க் டெய்ட்டன் அந்தக் கூற்றைப் பகிரங்கமாக நிராகரித்து, ஆகஸ்ட் 17ஆம் திகதியை நினைவுகூரலுக்கும் நல்லிணக்கத்துக்குமான நாளாகப் பிரகடனம் செய்தார்.

2021இல், அந்த நடை தொடங்கிய கீழ்ச் சூ முகவரகப் பகுதியிலுள்ள வரலாற்று நிலத்தின் ஒரு பகுதி அவ்வூர் டகோட்டாச் சமூகத்திடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2024இல், மாஸா ஒக்கியே-வின் முதுமையைக் கழித்த பெஜிஹுட்டாசிசிப் பக்கத்தில், மாநிலப் பூங்காவாக இருந்த ஏறக்குறைய 1,300 ஏக்கர் நிலமும் மேல்ச் சூ சமூகத்திடம் வந்து சேர்ந்தது. தம் மூதாதையர் பசியால் இறந்த, புதையுண்ட மண் அது என்று அச்சமூகத்தினர் நெடுங்காலமாகக் கேட்டு வந்த நிலம். இழந்த இரண்டு கோடிச் சொச்சம் ஏக்கரோடு பார்த்தால் இது ஒரு துளிதான். ஆயினும் திரும்பி வந்த துளி.

அந்தத் தாய் செய்தது

இந்தக் கதையை வாசிக்கும் எவருக்கும் பாலத்தடியில் எழுந்து நடந்த அந்தத் தாயின் நினைவு வராமல் இராது. மாஸா ஒக்கியே-வின்னின் தாயார் அவர். அவருடைய மனதில் என்ன இருந்தது என்பதைக் கதை சொல்லவில்லை. பெற்றவளை விட்டுவிட்டு வந்தேனே என்று அவர் எத்தனை இரவுகள் அழுதாரோ, யாரறிவார்.

ஆனால் குடும்பம் அக்கதையை எப்படிச் சொல்லி வந்தது என்பதைக் கவனியுங்கள். மகள் தாயைக் கைவிட்டாள் என்று ஐந்து தலைமுறையில் எவரும் சொல்லவில்லை. சாகும் நேரத்திலும் அம்மம்மா பேத்தியை நினைத்தார். தாய் அந்தச் சொல்லைக் கேட்டுப் பிள்ளையைக் காப்பாற்றினாள். இப்படித்தான் சொன்னார்கள். அன்று அவள் எழுந்து நடந்திராவிட்டால் மாஸா ஒக்கியே-வின் இல்லை, எல்சி இல்லை, அவருடைய மகன் இல்லை, வசியாத்தா-வின் இல்லை. பாலத்தடியில் ஒரு கிழவி கிடந்தாள் என்று சொல்வதற்கும் எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் கதையைக் காத்த முறையும் கவனிக்க வேண்டியது. அழுகையை மட்டும் கடத்தவில்லை. யார், யாருடைய மகள், எத்தனை வயது, எந்த வழி, எந்த வண்டி, கடைசியாகச் சொன்ன சொல் என்ன என்று விபரங்களைக் கடத்தினார்கள். பெரிய படிப்பு எதுவும் இல்லாத பெண்கள் இதைச் செய்தார்கள். பின்னர் படித்த பேத்தி வந்தபோது எழுத வேண்டியவை எல்லாம் ஆயத்தமாக இருந்தன.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஓர் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருக்கக் கூடும். அவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று சில வேளைகளில் சலித்தும் இருப்பீர்கள். அடுத்த முறை அவர் தொடங்கும்போது, பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்துக் கொண்டு பக்கத்தில் இருங்கள். பெயரைக் கேளுங்கள். ஊரைக் கேளுங்கள். மாதத்தையும் ஆண்டையும் கேளுங்கள். சொல்ல மனம் வராத நாளில் வற்புறுத்த வேண்டாம். இன்னொரு நாள் சொல்வார்.

மாஸா ஒக்கியே-வின்னும் அப்படித்தான் ஒரு பேத்தியைப் பக்கத்தில் இருத்திச் சொல்லத் தொடங்கினார். எல்சி காது கொடுத்துக் கேட்டார்.